காதுகுத்து பேனருக்கு ரேம் பத்தல

இல்லம்மா, நீயே சொல்லு… நான் இன்னா கப்பலா கேட்டேன்? ஆர்பர்ல நிக்குதே, அத்த இஸ்துகினு வான்னா சொன்னேன்? ஒரு ரேமு! சீப்புல பாதி சைசு கீற ஒரு ரேமு! அதுக்காவ இந்த வாரம் பூரா சுத்தறேம்மா. பர்மா பஜாரு, ரிச்சி தெரு, கொருக்குப்பேட்ட… செருப்புல வாரு அந்துபூட்ச்சி. எவனப் பாத்தாலும் ஒரே கேள்வி, "எந்த மாடலு? எந்த மாடலு?" லேப்டாப்புடா! கருப்பு லேப்டாப்பு! வேற இன்னா மாடலு வோணும் உனுக்கு? கடசில கொருக்குப்பேட்டைல ஒர்த்தன் சொல்றான், "ராயபுரத்துல அய்யாத்துரை பாத்திரக்கட கீதுபா, உள்ள பூடு. இட்லி குண்டானு, குக்கரு எல்லாம் தாண்டிப் போனா கடசில அவுரு பொண்ணு குந்திகினு லேப்டாப்பு ரிப்பேர் பண்ணும்"னான். நான் நம்பல. மெய்யாலுமே நம்பல. இட்லி குண்டானுக்கும் லேப்டாப்புக்கும் இன்னாம்மா சம்பந்தம்? வுடு… வந்துட்டேன்ல. உம் பேரு மகிமாவா? உங்க நைனா அப்டிதான் கூப்ட்டாரு. ஜோரா கீது பேரு. நான் பரசுராமன். பரசு டிஜிட்டல்ஸ், வியாசர்பாடி. காதுகுத்து, கண்ணாலம், கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரன் பொறந்த நாளு… எங்க ஏரியாவுல எந்த பேனர்ல எவன் சிரிச்சாலும் அவன சிரிக்க வச்சது நாந்தான்.

ஆங், தொற தொற. பாத்து… அந்த மூலைல கீறது ஸ்குரூ இல்ல. தீக்குச்சி. ஸ்குரூ எங்கியோ வியுந்துச்சி, அவசரத்துக்கு சொருவுனேன், அது பாட்டுக்கு நிக்குது… ஏன் சிரிக்கிற? சிரிக்கலியா? சரி. பயசுதாம்மா. இல்லன்னு யாரு சொன்னா? எந் தங்கச்சிக்குக் கண்ணாலம் ஆவறதுக்கு முன்னாடி வாங்குனது. இப்ப அவளுக்கு ரெண்டு புள்ள. பேட்டரி சுத்தமா அவுட்டு, வயர உருவுனா அணைஞ்சிடும். ஆனா வேல மட்டும் கில்லி மாதிரி செய்யும். செஞ்சிகினு இருந்துச்சி. இந்த ஒரு பேனரு வந்துச்சி பாரு, அப்டியே மல்லாந்துட்ச்சி.

மணி இன்னாம்மா ஆவுது? பத்தரையா! அய்ய… பன்னண்டு மணிக்குள்ள எனுக்கு முடியணும்மா. சும்மா சொல்லல. நாளைக்குக் காதுகுத்து. எந் தங்கச்சி எழில்மொழி, அவ பொண்ணு மகிழினிக்கு. எர்ணாவூர்ல மண்டபம். தாய்மாமன் நானு. கொயந்த எம் மடில குந்தணும், காது குத்தணும், அது கத்தணும், நான் வாயப்பயம் குடுத்து சமாதானம் பண்ணணும்… இதான் மாமன் மொற. மாமன் சீருல தட்டு, துணி, தோடு எல்லாம் ரெடி. பாக்கி கீறது பேனரு ஒண்ணுதான். பேனருக்காரனே மாமனா கீறப்போ பேனரு இல்லாம போனா இன்னா சொல்லுவாங்க? பிரஸ்ஸுக்கார பாலகணேஷு இன்னிக்கி மத்தியானம் குடும்பத்தோட திருச்செந்தூருக்கு ட்ரெயினு ஏறுறான். "அண்ணே, பன்னெண்டுக்கு ஷட்டர இறக்கிருவேன், அதுக்குள்ள ஃபைலு வந்தா வந்துச்சி, இல்லன்னா நீங்களே துணில பெயிண்ட் அடிச்சிக்கிடுங்க"ன்றான். எகத்தாளம் பாரு.

இதுல இன்னொரு பேஜாரு. எங்க மாப்ள கீறாரே, எழிலு வூட்டுக்காரு, அவுரு தம்பி ஒர்த்தன். அவன் புது லேப்டாப்பு வாங்கிகீறான். நேத்து போன் பண்றான்… "மாமா, உங்களால முடியலன்னா சொல்லுங்க, நான் பேனர் போட்டுக்கறேன்"ன்றான். எப்டி கீது? அவன் போட்டா அதுல நான் எங்க இருப்பேன்? கீய, ஓரத்துல, சமையல் காண்ட்ராக்ட்டரு பக்கத்துல இருப்பேன். பேனர்ல மடி யாரு மடியோ அவன்தாம்மா மாமன். மத்தவன்லாம் சாப்ட வந்தவன்.

இன்னாது? முன்னாடி வாங்குனதுலாம் எட்த்து வைக்கணுமா? தோ வைக்கிறேன். சிரிக்கக் கூடாது.

இது மொத ரேமு. பர்மா பஜார்ல எந் தோஸ்து கமாலுதீன் குடுத்தது. எடுத்துக்கோ மாமு, புத்தம் புதுசு, கவர் கூட பிரிக்கலன்னான். வூட்டுக்கு வந்து அடியில மூடிய கயட்டி வச்சிப் பாத்தா பாதி உள்ள, பாதி வெளிய. பஸ்ல படிக்கட்டுல தொங்குறா மாதிரி தொங்குது! டெஸ்க்டாப்பு ரேமாம்மா இது. பெரிய கம்பியூட்டருக்கு வர்றதாம். எனுக்கு இன்னா தெரியும்? ரேமு ரேமுதானேன்னு நெனச்சேன். திருப்பி எட்த்துகினு போனா கமாலுதீன் அத்த இப்டிப் பாக்குறான், அப்டிப் பாக்குறான், அப்பால கேக்குறான், "வெட்டிக்கலாமா மாமு?" கேக்குறான்மா! வாயக்காயாடா அது?

இது ரெண்டாவது. இது ரிச்சி தெரு. லேப்டாப்புக்குதான்னு கேட்டு கேட்டு வாங்குனேன். நீளமெல்லாம் கரிக்ட்டா கீது. ஆனா பாரு, அடியில நடுவுல ஒரு வெட்டு கீதுல்ல? அந்த வெட்டு நம்ம மிஷின்ல கீற முட்டுக்கு நேரா வரல. ஒரு நூலு தள்ளி நிக்குது. ஒரே நூலு! இதுக்குப் போயி திரும்ப பஸ் ஏறணுமான்னு லேசா ஒரு தட்டு தட்னேன்… லேசாதாம்மா! அப்டிப் பாக்காத. பூரிக்கட்டைல தட்னேன், சுத்தியல்ல ஒண்ணும் தட்டல. சரி, தப்புதான், வுடு. இன்னா சொல்ற… இது நாலாவது டைப்பு, எம் மிஷினு மூணாவது டைப்பா? அந்த நூலு தள்ளி வச்சிகீறதே என்ன மாதிரி ஆளு மாத்தி சொருவக் கூடாதுன்னுதானா? பாரேன். எனக்காவ எவனோ ரோசன பண்ணி வெட்டிகீறான், நான் பூரிக்கட்ட எட்த்துகினு கீறேன்.

மூணாவதுதான் ரொம்ப ரப்ச்சரு. இது வெட்டும் சேந்துச்சி. 'டக்'குனு உக்காந்துச்சி. எட்டு ஜிபி. வாங்கறதே வாங்குறோம், பெர்சா வாங்கிட்டா பேரன் காலத்துக்கும் வரும்னு வாங்குனேன். ஆன் பண்றேன், ஸ்கிரீன் கருப்பு. உள்ள இருந்து பீப்… பீப்… பீப்னு கத்துது. நிக்கவே மாட்டேங்குது. எங்க ஹவுசிங் போர்டுல சுவரு மெல்லிசும்மா, பக்கத்து வூட்டு அம்மா கேஸ் லீக்குன்னு நெனச்சி புள்ளைங்கள இஸ்துகினு கீய எறங்கிட்டாங்க. அவங்களப் பாத்து மாடி வூட்டுக்காரங்க எறங்கிட்டாங்க. நான் வயரப் புடுங்கினு வெளிய வந்தா பில்டிங்கே ரோட்ல நிக்குது! யாருக்கும் ஒண்ணுமில்ல, ரேமுன்னா… திட்டாத வாய் இல்ல.

ஒரு ஓட்டைக்கு நாலுக்கு மேல தாங்காதா இது? அந்தக் காலத்து மிஷினுக்கு அவ்ளோதானா? இத்த அடியிலயே எயுதிகீறாங்களா? எங்க? அட, மாடல் நம்பர் ஸ்டிக்கர் மேல நாந்தாம்மா எங்க கட ஸ்டிக்கர ஒட்டிட்டேன். பரசு டிஜிட்டல்ஸ், ரெண்டு சிங்கம், நடுவுல எம் போட்டோ. விளம்பரத்துக்கு ஒட்னேன். லேப்டாப்புக்கு அடியில எவன் பாப்பான்னு கேக்கறியா? தூக்கிகினு நடந்தா பாக்க மாட்டானா? கேள்வி நல்லா கேக்குற நீ.

உரிக்காத உரிக்காத… சரி உரி. எம் மூஞ்சிதான பாதி கியிஞ்சிச்சி. பரவால்ல.

ம்ம்… இருக்குதா உங்கிட்ட? ரெண்டு நாலா? ஐய, தங்கமே! இந்த இட்லி குண்டானுக்கு நடுவுல இது கீதுன்னு தெரியாம ஊரு பூரா சுத்தினேனே. போடு போடு. 'டக்'கு. இன்னொண்ணு… 'டக்'கு. கேக்கவே நல்லா கீது. ஆன் பண்ணு. பீப்பு வருதா? வரல. வருதா? வரல! வந்துட்ச்சி பாரு ஸ்கிரீனு! உங்க நைனாகிட்ட சொல்றேன், பாத்திரத்த எல்லாம் தூக்கிப் போட்டுட்டு பொண்ண முன்னாடி குந்த வைங்கன்னு சொல்றேன்.

ஏன் மூஞ்சி அப்டி ஆவுது? இன்னா போட்டுகீது? மூணு சொச்சம்? நாலும் நாலும் எட்டுதானம்மா. எனுக்குக் கணக்கு வராதுதான், ஆனா இவ்ளோ வராம இல்ல. மீதி எங்க பூட்ச்சி? உள்ள போட்டுகீற விண்டோஸு பயசா? அதுக்கு நாலுக்கு மேல எண்ணவே தெரியாதா? அப்ப மீதிய இன்னா பண்ணும்? சும்மா வச்சினு இருக்குமா? இது இன்னாம்மா நியாயம்? பந்தில ஒர்த்தனுக்கு ரெண்டு எல போட்டு, ஒண்ணுல மட்டும் சாப்புடுன்ற மாதிரி கீது. விண்டோஸ மாத்திடு அப்ப. மாத்தணும்னா சாயங்காலம் ஆயிடுமா? அடி போ. சரி, இருக்கறத வச்சித் தொற. 'மகிழினி காதுகுத்து பைனல்' கீது பாரு, அதில்ல, அதுக்குக் கீய 'பைனல் பைனல்'. அதுவும் இல்ல. 'பைனல் மெய்யாலுமே பைனல்'. ஆங், அது.

…சுத்துதா?

…சுத்துது சுத்துது. சுத்தட்டும். டீ சொல்லட்டா? வேணாமா? எனுக்கும் எறங்காது. எழிலு காலைல இருந்து போன் பண்ணிகினே கீறா. "அண்ணா, பேனரு ரெடியா, பேனரு ரெடியா." அவளுக்குப் பேனரு வேணும்னு இல்லம்மா. அவளுக்கு வேற ஒரு கவல. அத்த வுடு இப்ப… தோ, நின்னுபூட்ச்சி. நின்னுபூட்ச்சா? மவுசு எலி நவுரல. அணைச்சிட்டுப் போடு. மறுபடியும் அதேதானா? இன்னாம்மா இது! ரேமு போட்டாச்சி, எல்லாம் போட்டாச்சி, ஒரு பேனர தொறக்க இன்னா வலிக்குது இதுக்கு?

எவ்ளோ பெர்சா? யாரு? பைலா? சின்ன பேனரும்மா. மண்டபத்து வாசலுக்குள்ள வைக்கறதுதான், ரோட்ல வச்சா போலீசு புடிக்கும்னு உள்ள வைக்கிறோம். நாப்பது அம்பது மூஞ்சி இருக்கும். அதுக்கே இவ்ளோ பெர்சா கீதா? உள்ள இன்னா கீதுன்னா… இன்னா கீது, சொந்தக்காரங்க கீறாங்க.

சரி, சொல்றேன். ஒளிக்கறதுக்கு இன்னா கீது. எங்க சைடுல ஒரு பயக்கம்மா. விசேஷம்னா பேனர்ல எல்லார் மூஞ்சியும் வரணும். ஒர்த்தன வுட்டாலும் அவன் மண்டபத்துக்கு வர மாட்டான், வந்தாலும் மொய் வைக்க மாட்டான், வச்சாலும் சிரிக்க மாட்டான். நான் இன்னா பண்ணேன், வருஷா வருஷம் புதுசா எவன் டிசைன் போடுறதுன்னு ஒரே பைல வச்சிகினேன். எங்க சித்தப்பா பையன் கண்ணாலத்துக்குப் போட்டது. அதுலயே பேரு மாத்துவேன், பூ மாத்துவேன், நடுவுல கீற ஜோடிய மாத்துவேன். சொந்தக்காரன் எல்லாம் அப்டி அப்டியே நிப்பான். ஒவ்வொருத்தனும் ஒரு லேயரு. தோசை மேல தோசை அடுக்குன மாதிரி. பக்கத்துல ஒரு கண்ணு பொம்ம கீதுல்ல? கண்ணத் தொறந்தா ஆளு தெரிவான், மூடுனா தெரிய மாட்டான்.

இப்ப ஒர்த்தன் சண்ட போட்டுட்டான்னு வையி. நம்மாளுங்க போட மாட்டாங்களா? அவன் போட்டா, எட்ரா அவன் மூஞ்சியன்னுவாங்க. எட்த்துட்டா எடம் காலியா அசிங்கமா கீதேன்னு, எல்லார் மூஞ்சிக்கு அடியிலயும் ஒரு ரோசாப்பூ வச்சிகீறேன். கண்ண மூடுனா மூஞ்சி போயி ரோசாப்பூ வந்துடும். எங்க சொந்தத்துல பேனரக் கட்னதும் மொத வேல, ரோசாப்பூவ எண்றதுதான்! "இந்த தபா யாருப்பா ரோசா? மூணாவது வரிசைல ரெண்டு ரோசா கீதே, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருமேவா?" இதான் பேச்சு பந்தி முடியற வரைக்கும்.

அழிக்கறதா! நல்லா சொன்ன போ. எவனையும் அழிக்கக் கூடாதும்மா. இன்னிக்கி சண்ட போடுவான், நாளைக்கி எவன் வூட்டு சாவுலயோ தோள் குடுக்கறப்போ பேசிக்குவான். அப்ப நான் புதுசா போட்டோவுக்கு எங்க போவேன்? மூடி வச்சிருந்தா ஒரு தட்டு, கண்ணு தொறந்துக்கும். அதான் பத்து பன்னண்டு வருஷமா ஒர்த்தனையும் அழிக்கல. போட்டோவும் எவனும் சின்னதாக்க வுட மாட்டான், அவன் போன்ல எடுத்த சைசுக்கே போட்டு வைக்கணும். எங்க மாமா ஒர்த்தரு மட்டும் அஞ்சாறு தபா கீறாரு உள்ள. வேட்டில ஒண்ணு, சபாரில ஒண்ணு, டை அடிச்சது ஒண்ணு, டை அடிக்க மறந்தது ஒண்ணு…

நீ சொல்றது புரியுதும்மா. மேல தெரியறது நாப்பது மூஞ்சி, அடியில மூடி வச்சிகீறது பயய போட்டோ எல்லாம் சேத்து எரநூறு மூஞ்சி. இத்தினி பேரும் இந்த ஒரு பொட்டில குந்தணும்னா அதான் மல்லாருது. அப்ப ரேமு கேட்டது பேனரு இல்ல, எங்க சொந்தக்காரனுங்க சண்ட! ஆனாலும் அழிக்க மாட்டேன். தொடாத. கைய எடு எலிலேர்ந்து.

இன்னாது? உன் மிஷின்லயா? பென் டிரைவ்ல போட்டு உன் மிஷின்ல தொறக்கறியா? தொறக்குமா அது?

…ஏம்மா! தட்னவொடனே தொறந்துட்ச்சி! அப்ப இத்த நான் மொத நாளே எவனாவது ஒர்த்தன் மிஷின்ல தொறந்திருந்தா… வாரம் பூரா நான் ஏன் சுத்தினேன்? ஏன் பூரிக்கட்ட எட்த்தேன்? ஏன் எங்க பில்டிங்கே ரோட்ல நின்னுச்சி? மாப்ளயோட தம்பிகிட்ட கேட்டிருக்கலாமா? அவன்ட்ட கேப்பனா நானு! உசுரு போனாலும் கேக்க மாட்டேன். அது வேற விஷயம்.

தோ பாரு, எப்டி கீது டிசைனு? நடுவுல எம் மடில மகிழினி. பின்னாடி மயிலு. மேல எங்க அம்மா அப்பா ஆசீர்வாதம் பண்றாங்க. கொஞ்சம் இரு, ஒவ்வொருத்தனா காட்றேன், உனுக்கு டைம் கீதுல்ல? பதினொண்ணே காலுதான. இந்த ரோசாவத் தொற. எங்க பெரீப்பா பையன். பிரியாணில லெக் பீசு வரலன்னு எல மேலயே கையக் கயுவிட்டு எந்திரிச்சிட்டான். இது எங்க சித்தி. பேனர்ல அவங்கள விட அவங்க ஓரகத்தி மூஞ்சி பெர்சா கீதுன்னு ஏணி போட்டு ஏறி அளந்தாங்கம்மா. ஜாக்கெட்டு தைக்கிற டேப்பு எட்த்துகினு ஏறினாங்க! அரை இஞ்சி பெர்சாதான் இருந்துச்சி, இன்னா இப்ப? இதத் தொற, இவன் வருஷத்துக்கு ஒரு தபா கோச்சிப்பான், இவனுக்காவே கண்ணு பொம்ம தேஞ்சிபூட்ச்சி. எல்லாம் தொற தொற. எத்தினி பேரு பாரு! உன் மிஷினு அசரல பாரேன். எனுக்கே இவங்க எல்லாரையும் ஒண்ணா பாத்து வருஷக்கணக்காச்சிம்மா. கோச்சிக்காதவன் எவனுமே இல்ல போலகீது எங்க சொந்தத்துல.

அதுவா? அந்த ரோசா வேணாம். எம் பக்கத்துல கீறதுதான… வேணாம், வுடு. தொறந்துட்டியா. ம்ம். இதான் எந் தம்பி. வல்லரசு. கூடப் பொறந்தவன்தான்.

எழிலோட மொத புள்ள, பையனுக்குக் காது குத்தறப்போ… நாந்தான மூத்தவன்? எம் மடிதான? பேனர்லயே 'தாய்மாமன் பரசுராமன் மடியில்'னு போட்டுகீறேன். போட்ட பேனர எவன் கட்டறது? நாந்தான் கட்டணும். மண்டபத்து வாசல்ல ஏணி மேல நிக்கிறேன், கவுறு ஒரு பக்கம் எறங்கிகினே போவுது, எனுக்குப் பேனரு நேரா இல்லன்னா தூக்கம் வராது, இஸ்து இஸ்துக் கட்டிகினு கீறேன். உள்ள ஆசாரி ஊசிய எட்த்துகினு நிக்கிறாராம், நல்ல நேரம் முடியப் போவுதாம். இவன் பாட்டுக்குப் புள்ளையத் தூக்கி இவன் மடில வச்சிகினான். ரெண்டு காதும் குத்தியாச்சி! நான் ஏணிலேர்ந்து எறங்கி வரேன், எல்லாரும் கையக் கயுவினு பந்திக்குப் போறாங்க. வெளிய பேனர்ல எம் மடி, உள்ள இவன் மடி. ஒரு கொரல் குடுக்கக் கூடாதாம்மா? "அண்ணா, எறங்கி வா"ன்னு ஒரு வார்த்த? கேட்டா, "கூப்ட்டேன், நீ கவுறு நேராவுல்லன்னு திட்டிகினு இருந்த, காதுல வாங்கல"ன்றான். வாங்கல, வாங்கலன்னே வையி. இன்னொரு தபா கூப்ட வேண்டியதுதான?

அதோட பேச்சு நின்னுபூட்ச்சி. அவன் அத்திப்பட்டுல வேலைக்குப் போறான், அங்கியே குடியிருக்கான். நான் இங்க. எழிலு அயுவுறா, "ரெண்டு மாமனும் வரணும்ணா, பேனர்ல வல்லரசு அண்ணன் மூஞ்சி இல்லன்னா அவரு வர மாட்டேன்றாரு"ன்னு. நான் முடியாதுன்னுட்டேன். அவன் ரோசாதான். பூராவும் ரோசாதான். இதாம்மா அவ கவல. இப்ப சொல்லு, நியாயம் யாரு பக்கம்? சொல்லேன்.

இரு, போனு. பாலகணேஷு… ஆங் சொல்லு நைனா… இன்னாது, இப்பவே கெளம்புறியா? பன்னண்டுன்னியே! ஆட்டோ வந்துட்டா? டேய் டேய், ஷட்டர இஸ்துடாத, தோ அனுப்பறேன், தோ… யம்மா மகிமா, அனுப்பு அனுப்பு, பாலகணேஷு நம்பர் இதான், தட்டு! இன்னா கேக்குற? இப்டியேவா? ஆமா, இப்டியேதான், எல்லாம் சரியா கீது, ஜல்தியா தட்டும்மா! கேள்வி கேக்கற நேரமா இது? …போச்சா? போச்சா? போயிட்ச்சி! டேய், வந்துச்சா? வந்துச்சாம்மா! மிஷின்ல ஏத்திட்டானாம்!

அப்பாடா. ஒரு டீ குடிக்கலாம் இப்ப. எங்க, கடசியா ஒரு தபா பாக்கறேன் டிசைன…

ஏம்மா.

ஏம்மா மகிமா, ரோசா எங்கம்மா?

ஒரு ரோசாவக் கூட காணமே. எல்லாக் கண்ணும் தொறந்துகீது! இப்டியேவா அனுப்பிட்ட? நாந்தான் இப்டியேன்னு சொன்னனா? சொன்னேன், சொன்னேன்… அய்யோ, எங்க எம் போனு. அலோ, பாலகணேஷு, நிறுத்துடா மிஷின! பாதி தாண்டிட்ச்சா? மறுபடி அடிக்க வேற ரோல் இல்லியா? நல்லா கீதுன்னு போட்டோ எட்த்து எந் தங்கச்சிக்கு அனுப்பிட்டியா? உன்ன எவன்டா அனுப்பச் சொன்னான்! ஆட்டோக்காரன் ஆரன் அடிக்கிறானா? போ. பேனரப் பக்கத்துக் கடைல குடுத்துட்டுப் போய்ச் சேரு. எனுக்கும் சேத்து முருகன்ட்ட வேண்டிக்கோ.

முடிஞ்சிது. லெக் பீசுக்காரன், அளவு டேப்பு சித்தி, எல்லாரும் நாளைக்குப் பேனர்ல. எம் பக்கத்துல அவன். பாரு, எம் மூஞ்சி சைசுக்கே கீறான். மீசைய முறுக்கினு வேற சிரிக்கிறான். எழிலு போன் பண்றா. எடுக்க மாட்டேன். எடுக்க மாட்டேம்மா… அலோ. ஏன் அயுவுற? அயுவாத. இன்னாது… நான் வேணும்னே கடசி வரைக்கும் சொல்லாம வச்சிருந்தேனா? ம்ம்… ஆமா. ஆமா, சொல்லாமதான் வச்சிருந்தேன். பின்ன? உனுக்கு அண்ணன் ரெண்டு பேருதான? ஒர்த்தன வுட்டுட்டு எப்டிப் போடுவேன்? சரி சரி, கண்ணத் தொடச்சிகினு வேலையப் பாரு. வை. இன்னா… அவனுக்கு அனுப்பிட்டியா? ஸ்டேட்டஸ்லயும் வச்சிட்டியா? வச்சிட்டாளாம்மா.

தோ, அடிக்குது. புது நம்பரு. இல்ல… இது அவன் நம்பரு. யம்மா மகிமா, நீ எடேன். ராங் நம்பருன்னு சொல்லு. பரசு குளிக்கறாருன்னு சொல்லு. பாத்திரக்கடைல எதுக்குக் குளிக்கிறேன்னு கேட்டா… எங்க பூட்ட? யம்மோவ்! இப்பதான இங்க குந்தினு இருந்த? குக்கரு மூடி கேட்டு இந்த நேரத்துலதான் வருவாங்களா? அய்யாத்துரை அண்ணாச்சி, உங்க பொண்ணு எங்க… நீங்களும் அந்தப் பக்கம் திரும்பினீங்களா? ஒர்த்தருமே இல்லியா?

ரிங்கு நின்னுடப் போவுது.

அலோ.

…ம்ம். நாந்தான். …பாத்தியா? …சரி. …ம்ம். …இன்னாது, மீசைய எட்த்துட்டியா? எப்படா எட்த்த? போன வருஷமேவா! அடப்பாவி, பேனர்ல முறுக்கினு நிக்கிறியேடா! வர்றவன் எல்லாம் யாரு இதுன்னு எங்கிட்ட கேப்பானே, நான் எத்தினி பேருக்குப் பதில் சொல்லுவேன்? மொதல்லயே ஒரு வார்த்த சொல்லிருந்தா வேற போட்டோ போட்டிருப்பேன்ல… சரி, வுடு. மீச இல்லாமயே வா. காலைல வெள்ளனவே வந்துடு, ஏணிய நீ புடிக்கணும், இந்த தபா நான் ஒண்டியா ஏற மாட்டேன். …டேய், அயுவுறியா? ஜலதோஷமா? ஜலதோஷம்னா மாத்திர போடு. …அலோ, வச்சிடாத. கேளு. கொயந்தைக்குக் காது ரெண்டு கீதுல்ல? மொத காது எம் மடில. ரெண்டாவது காதுதான் உம் மடில. மூத்தவன் நானு, அதுல மட்டும் வுட்டுக் குடுக்க மாட்டேன், இப்பவே சொல்ட்டேன்!